ஓர் ஆக்ஷன், இரண்டு பேரல்

பிளானோ
12 ஜனவரி 2025

டேய் அனந்து,

தாளில் எழுதுகிறேன் என்று பயப்படாதே. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நீ போனை எடுப்பதில்லை, வாட்ஸ்அப்பில் நான்கு மாதமாக ஒற்றை டிக். உன் பழைய ஆபீஸ் சுஹாஸைக் குடைந்துதான் சுகர் லேண்ட் முகவரியை வாங்கினேன். அவனைத் திட்டாதே.

விஷயம் இதுதான். நம் 308 ரைஃபிள் செத்துவிட்டது. போன சனிக்கிழமை நூறு கஜத்தில் ஐந்து ரவுண்டு போட்டேன், இரண்டு அங்குலத்துக்கு விரிந்தது. குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்த்தேன். தோட்டா கிளம்பும் இடம் காய்ந்த குளம் மாதிரி வெடித்துக் கிடக்கிறது. ஆறாயிரம் ரவுண்டு. பாதி நீ சுட்டது, குறை சொல்ல முடியாது. புது பேரல் போட்டுத்தர கன்ஸ்மித் நான்கு மாதம் கேட்கிறான். நான் எதற்கும் நான்கு மாதம் காத்திருந்ததில்லை, உனக்கே தெரியும்.

அதனால் பேரல் மாற்றும் ரைஃபிள். வீட்டு மேஜையிலேயே கழற்றி மாட்டிக்கொள்ளலாம். மூன்று பார்த்து வைத்திருக்கிறேன். பின்லாந்தில் செய்வது ஒன்று, மூன்று திருகு பேரலைப் பிடித்துக்கொள்கிறது. இங்கிலாந்தில் செய்வதில் பக்கவாட்டில் ஒரே திருகு, ஒரு ஆலன் கீ, ஒரு நிமிடம். மூன்றாவது ஃபோர்ட் வொர்த் பக்கம் ஒருவர் தனித்தனி பாகமாக வாங்கிக் கட்டித் தருவது. அதற்கு இறுக்கிப் பிடிக்க வைஸும், அளவாக முறுக்க டார்க் ரெஞ்சும் வேண்டும். கழற்றி மாட்டினால் குறி பத்தில் ஒரு மில்லுக்கு மேல் நகராது என்று மூவரும் சத்தியம் செய்கிறார்கள். ஆயிரம் கஜத்தில் அது மூன்றரை அங்குலம். யாரை நம்புவது என்று சொல். இந்த மாதிரி விஷயத்தில் உன் பேச்சைத்தான் கேட்டிருக்கிறேன்.

என் திட்டம்: ஓர் ஆக்ஷன், இரண்டு பேரல். போல்ட்டும் விசையும் உள்ள நடுப்பாகம் பொது, குழாய் மட்டும் தனித்தனி. எனக்கு 6 மில்லிமீட்டர் தோட்டா, உனக்கு நீ எப்போதும் கேட்கும் 6.5. இரண்டு தோட்டாவுக்கும் அடிப்பாகம் ஒரே அளவு, போல்ட்டை மாற்ற வேண்டாம். அவரவர் பேரலை அவரவர் தேய்ப்போம்.

ரிச்சர்ட்சன் வீடு ஞாபகம் இருக்கிறதா? கட்டில் வாங்குவதற்கு முன்னால் ரைஃபிள் வாங்கினோம். ஒரே மெத்தை, ஒரே ரைஃபிள், இரண்டு எம்.எஸ். மாணவர்கள். விசாவில் இருப்பவன் துப்பாக்கியைத் தொட வேண்டுமானால் வேட்டை லைசென்ஸ் வேண்டும் என்று யாரோ சொல்லப்போய், மானைப் படத்தில் மட்டும் பார்த்த இரண்டு பேர், அதில் ஒருவன் முட்டைகூடத் தொடாதவன், ஸ்போர்ட்ஸ் கடை வரிசையில் நின்றோமே. கவுண்டரில் இருந்த அம்மா மானா பன்றியா என்று கேட்டதற்கு நீ "ஒன்லி பேப்பர், மேம்" என்றாய். சிரித்து முடிக்க அவளுக்கு ஐந்து நிமிடம் ஆயிற்று. புது வருடத்து லைசென்ஸ் ஆகஸ்ட் 15 அன்று விற்பனைக்கு வரும். நமக்கு மறக்கவே முடியாத தேதி என்று வருடா வருடம் அன்றைக்கே போனோம்.

செப்டம்பரில் நடந்தது நடந்துவிட்டது. அதையே பிடித்துக்கொண்டு தொங்கினால் என்ன பிரயோஜனம்?

ஏப்ரலில் வேகோ போட்டி. 31-ஆம் தேதிக்குள் பதில் போடு. வீட்டில் பிரீத்தி உன்னை விசாரித்தாள். சாம்பார் வைக்கும்போதெல்லாம் ஒரு ஆள் கணக்கு கூடிப்போகிறதாம்.

மகிழன்


சுகர் லேண்ட்
26 ஜனவரி 2025

அன்புள்ள மகிழா,

கடிதம் வந்து ஒரு வாரம் மேஜையிலேயே கிடந்தது. உன் கையெழுத்தைக் கடைசியாகப் பார்த்தது ரிச்சர்ட்சன் ஃபிரிட்ஜ் கதவில்: "பால் இல்லை. நீ வாங்கு." கையெழுத்தும் மாறவில்லை, தொனியும் மாறவில்லை. படித்ததும் சிரிப்பு வந்தது. அதனால்தான் பதில் எழுதுகிறேன்.

முதலில் நீ கேட்டது. பத்தில் ஒரு மில் என்று யார் சொன்னாலும் நம்பாதே. பேரலைப் பத்து முறை கழற்றி மாட்டி, ஒவ்வொரு முறையும் மூன்று ரவுண்டு சுட்ட தாள்களைக் காட்டச் சொல். காட்டாதவனை விட்டுவிடு. மூன்று திருகு என்றால் மூன்றையும் ஒரே அளவு முறுக்கம் வரும்வரை மாற்றி மாற்றி முடுக்க வேண்டும். உன் பொறுமை எனக்குத் தெரியும், இரண்டாவது திருகிலேயே காரில் ஏறிவிடுவாய். உனக்கு அந்த ஒற்றைத் திருகுதான் சரி. 6 மில்லிமீட்டர் பேரல் இரண்டாயிரம் ரவுண்டு தாண்டாது. தாண்டினாலும் போட்டிக்கு முன்தினம் பார்த்து உன்னைக் கைவிடும். எண்ணிக்கையை எழுதி வை.

இன்னொன்று. மூன்றைப் பற்றியும் ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். போல்ட் கைப்பிடி எந்தப் பக்கம் என்று ஒரு வரி இல்லை. நான் இடது கைக்காரன், மகிழா. ஒன்பது வருடமாக.

இனி செப்டம்பர். நடந்தது நடந்துவிட்டது என்று நீ எழுதியிருப்பதால், என்ன நடந்தது என்று நான் எழுத வேண்டியிருக்கிறது.

மறக்கவே முடியாத தேதி என்கிறாய். போன ஆகஸ்ட் 15 அன்று நான் தங்கை கல்யாணத்துக்காகக் கோயம்புத்தூரில் இருந்தேன். லைசென்ஸை ஆன்லைனில் நீயே போட்டுவிடுவதாகச் சொல்லியிருந்தாய். "எனக்கும் போட்டுட்டியா?" என்று மெசேஜ் அனுப்பினேன். கட்டைவிரல் அனுப்பினாய். செப்டம்பர் 7, வேகோவில், இரண்டு ஸ்டேஜ் சுட்ட பிறகு பர்ஸிலிருந்து கிளப் அட்டையை எடுத்தேன். பழைய லைசென்ஸும் கூடவே வந்தது. ஆகஸ்ட் 31 வரை என்று போட்டிருந்தது. புதியது உன் பையில் இருக்கும் என்று நினைத்துக் கேட்டேன். உன் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. ரைஃபிளைப் பாயில் வைத்துவிட்டு எழுந்தேன். அப்போது நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"ஏழு நாள்தானேடா, யாரு செக் பண்ணப் போறா? படு, நம்ம டர்ன் வந்துருச்சு."

உனக்கு ஜூலையில் கிரீன் கார்டு வந்துவிட்டது. அந்த லைசென்ஸ் தாள் இனி உனக்கு வேண்டாம். என் கையில் அது இல்லாமல் துப்பாக்கி இருந்தால் குற்றம். கிரீன் கார்டு மனுவில் ஒரு கேள்வி உண்டு: கைதாகாவிட்டாலும், இதுவரை ஏதாவது குற்றம் செய்திருக்கிறீர்களா? நீ அதற்கு ஒரு நொடியில் இல்லை என்று டிக் போட்டிருப்பாய். நான் வக்கீல் நாகலக்ஷ்மியிடம் மூன்று முறை போனேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "தெரியாம சுட்டீங்க. தெரிஞ்ச நிமிஷம் கீழ வச்சீங்க. அதனால தைரியமா இல்லைன்னு எழுதலாம். தெரிஞ்சப்புறம் ஒரு ரவுண்டு சுட்டிருந்தா நான் இந்தப் பேச்சே பேச முடியாது."

நீ சுடச் சொன்னது அந்த ஒரு ரவுண்டைத்தான்.

பிரீத்திக்கு என் அன்பு. சாம்பாரில் பெருங்காயத்தைக் குறைக்க வேண்டாம் என்று சொல்.

அனந்தராமன்


பிளானோ
30 ஜனவரி 2025

அனந்து,

அந்த ஆகஸ்ட் முழுக்க என் டீம் ரிலீஸ் வேலையில் இருந்தது. ஒரு நாளைக்கு நூறு மெசேஜ், நூறு கட்டைவிரல். நீயும் ஊரிலிருந்து வந்ததும் ஒரு தரம் கேட்டிருக்கலாம். லைசென்ஸ் உன்னுடையது. பாதித் தப்பு உன் மேலும் இருக்கிறது.

ஒற்றைத் திருகையே எடுக்கிறேன். நன்றி.

மகிழன்


பிளானோ
23 பிப்ரவரி 2025

அனந்து,

போன கடிதத்தைக் கிழித்துப் போடு. நீ பதில் எழுதாததிலேயே தெரிந்தது, கிழிக்க வேண்டிய கடிதம்தான்.

நேற்று ரேஞ்சுக்குப் போனேன். அந்த 308-ஐ இடது தோளில் வைத்துப் பத்து ரவுண்டு சுட்டேன். எதற்கு என்று கேட்காதே, பார்க்கத் தோன்றியது. ஒவ்வொரு ரவுண்டுக்கும் கன்னத்தை எடுக்க வேண்டியிருக்கிறது. இடது கையை ரைஃபிளுக்கு மேலே வீசி அந்தப் பக்கத்து போல்ட்டைப் பிடித்து இழுத்து, திரும்பக் கன்னத்தை வைத்தால் ஸ்கோப்பில் இலக்கைக் காணோம். மறுபடி தேட வேண்டும். பத்து ரவுண்டுக்கு மூன்றரை நிமிடம் ஆயிற்று. போட்டியில் கொடுப்பது ஒன்றரை நிமிடம். அதற்குள் நீ இதையெல்லாம் செய்து முடித்து, வருடத்துக்குப் பாதிப் போட்டியில் என்னைவிட அதிகப் புள்ளியும் வாங்கினாய். நான் அதை உன் ஸ்டைல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மற்றவர்களிடம் அப்படியே சொல்லியும் இருக்கிறேன்: அனந்து தலையைத் தூக்கித் தூக்கிச் சுடுவான், பெரிய ஆள் மாதிரி.

முதல் ரைஃபிளை எடுத்த அன்று நீ இடது கைக்கு இருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேட்டாய். அதற்கு ஆறு வாரம் ஆகும் என்றார். நான்தான் இருப்பதைக் கொடுங்கள் என்று பெட்டியைத் தூக்கினேன். நேற்று போல்ட்டை இழுக்கும்போதுதான் இது ஞாபகம் வந்தது.

ஆகஸ்டைப் பற்றி. வீட்டுக்கு வந்து பழைய மெசேஜ்களைத் தேடினேன். நீ கேட்டது காலை 9:12. என் கட்டைவிரல் 9:12. படிக்கவே இல்லை. ஆனால் படித்திருந்தாலும் தெரியாது, அனந்து. கிரீன் கார்டு வந்த அன்றைக்கே அந்த லைசென்ஸ் என் தலையிலிருந்து போய்விட்டது. எட்டு வருடம் இரண்டு பேருக்கும் ஒரே பயம் இருந்தது. என் பயம் போனதும் உன்னுடையதும் போய்விட்டதாக நினைத்துவிட்டேன். வேகோவில் நான் அப்படிச் சொன்னதற்கு எந்த விளக்கமும் கிடையாது. தப்பு என்னுடையது, முழுசாக. மன்னித்துவிடு. இந்த வார்த்தையை எழுத ஐந்து மாதம் ஆனது. நான்கு மாதம் எதற்கும் காத்திருந்ததில்லை என்று உன்னிடம் பீற்றிக்கொண்டேன்.

இப்போது திட்டத்தை மாற்றிவிட்டேன். ஒற்றைத் திருகு ரைஃபிள் இடது போல்ட்டிலும் வருகிறது. அதையே சொல்லப்போகிறேன். ஆக்ஷன்தான் சட்டப்படி துப்பாக்கி, அது என் பெயரில் என் வீட்டில் இருக்கும். பேரல் வெறும் எஃகுக் குழாய், உன் வீட்டில் எந்த லைசென்ஸும் இல்லாமல் இருக்கலாம். நான் இடது போல்ட்டில் பழகிக்கொள்கிறேன். நீ ஒன்பது வருடம் பழகியதற்கு நான் ஒரு வருடம் பழகினால் செத்துவிடமாட்டேன்.

அவசரமில்லை. தேதி எதுவும் போடவில்லை பார். நீ சொன்ன பிறகுதான் ஆர்டர்.

மகிழன்


சுகர் லேண்ட்
16 மார்ச் 2025

அன்புள்ள மகிழா,

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறை, நீ இடது தோளில் ரைஃபிளை வைத்துக்கொண்டு இலக்கைத் தேடித் திட்டிக்கொண்டிருப்பதை நினைத்து ஆபீஸ் கேன்டீனில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். பக்கத்து மேஜைக்காரர் என்னவென்று கேட்டார். மொழிபெயர்க்க முடியவில்லை.

மன்னிப்பு என்று நீ எழுதியதை எடுத்துக்கொண்டேன். அதைப் பற்றி இனி பேச வேண்டாம்.

இடது போல்ட் ஆர்டர் பண்ணாதே. மூன்றாவது ஸ்டேஜில் ரைஃபிளையும் என்னையும் சேர்த்து வைவாய். வலது போல்ட், ஒற்றைத் திருகு, 6 மில்லிமீட்டர், இருபத்தாறு அங்குலம். பேரல் இரண்டு எடு. இரண்டுமே உனக்கு. ஒன்று தேயும்போது மற்றது தயாராக இருக்க வேண்டும், பேரல் மாற்றும் ரைஃபிளின் லாபமே அதுதான்.

நான் உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. வேகோவிலிருந்து வந்த மறுநாள் காலை கடை திறந்ததும் போய் என் லைசென்ஸை எடுத்துவிட்டேன். இத்தனை மாதமும் சட்டப்படி என்னைத் தடுக்க எதுவும் இல்லை. உன் பக்கத்துப் பாயில் படுக்கத்தான் முடியவில்லை. சுகர் லேண்டுக்கு வந்த பிறகு நவம்பரில் எனக்கென்று ஒரு ரைஃபிள் எடுத்தேன். இடது போல்ட். ஆறு வாரம் காத்திருந்து வாங்கினேன். முதல் முறை கன்னத்தை எடுக்காமலே போல்ட்டை இழுத்தபோது தோட்டா போய்ச் சேர்வது ஸ்கோப்பிலேயே தெரிந்தது. அறுநூறு கஜத்தில் எஃகுத் தகடு ஆடியது, அப்புறம் சத்தம் வந்தது. ஒன்பது வருடம் சத்தத்தை மட்டும்தான் கேட்டிருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. உன்னிடம் சொல்ல வேண்டும் என்று போனை எடுத்தேன். வைத்துவிட்டேன்.

ரிச்சர்ட்சன் நாட்கள் எனக்கும் வேண்டியவைதான். ஒரே மெத்தையில் நீ குறுக்கே படுத்ததும், கூலரில் உன் பியருக்கு நடுவே என் தயிர்சாதம் இருந்ததும், சனிக்கிழமை காலை நீ கிண்டிய உப்புமா கட்டியாகக் கிடந்ததும். ஆனால் அந்த ஒரே ரைஃபிளுக்கு நான் திரும்பி வரமாட்டேன், மகிழா. உன்னிடம் ஒரு ரைஃபிள் இருக்கட்டும். என்னிடம் ஒன்று இருக்கட்டும்.

ஏப்ரல் வேகோ போட்டிக்கு நேற்று பெயர் கொடுத்தேன். என்னோடு சேர்ந்து சுடும் ஸ்குவாடில் இன்னும் நான்கு இடம் காலியாக இருக்கிறது. உனக்காக நான் பதிவு பண்ணவில்லை. நீயே பண்ணு.

அன்புடன்,
அனந்து