பத்து நாள் முன்னால் இருப்பவனுக்கு

மகன் ஆம்புரோசுக்கு, ரை துறைமுகத்திலிருந்து அப்பா எழுதுவது. கர்த்தரின் கிருபையில் இங்கே உடம்புக்கு ஒருவருக்கும் குறையில்லை. பாரிசில் நம் ராணியின் தூதர் வீட்டில் உன் உடம்பும் வேலையும் எப்படியோ.

உன் அக்கா தாமசின் எழுந்து நடமாடுகிறாள். நீ ஞானத்தகப்பனாக நின்று உன் பெயரையே கொடுத்த குழந்தை நன்றாகப் பால் குடிக்கிறான். அழுவதில்லை. கதவைப் பார்த்தபடியே கிடக்கிறான். யாரைத் தேடுகிறான் என்று தெரியவில்லை. தவக்காலம் என்பதால் தினமும் உப்பு மீன்தான். உங்களுக்கு இந்த ஞாயிறே ஈஸ்டர் என்று பிரெஞ்சுக் கரையின் தியெப் துறைப் படகோட்டி மத்யூ சொன்னான். அங்கே கர்த்தர் உயிர்த்துவிடுவார். இங்கே அவர் இன்னும் சிலுவைக்கே போகவில்லை. போப்பு நாட்காட்டியிலிருந்து பத்து நாளை வெட்டியெறிந்தார், பிரான்சும் ஸ்பெயினும் சரி என்றன, லண்டனில் நம் பிஷப்புமார் மாட்டோம் என்றார்கள். அன்று முதல் பிரெஞ்சுப் படகுகளைச் சோதிக்கும்போதெல்லாம் அவர்கள் தாளில் உள்ள தேதியில் பத்தைக் கழித்துத்தான் என் புத்தகத்தில் எழுதுகிறேன். ஒரு வருடத்துக்கு மேலாக இதே வேலை. நீ இங்கிருந்து பாரிசுக்குத் திரும்பிய மறுநாள் மத்யூவின் படகில் மூழ்கிச் செத்த மாலுமி ஒருவன் வந்தான். செத்தது மார்ச் பன்னிரண்டு என்று தாளில் இருந்தது. நாங்கள் புதைத்தது நான்காம் தேதி. உன் அம்மா வந்து பார்த்துவிட்டு, இன்னும் எட்டு நாள் உசுரு பாக்கி இருக்கே, அதுக்குள்ள ஏன் மண்ணைப் போடுறீங்க என்றாள். கேலியாகத்தான் சொன்னாள். ஆனாலும் அந்த எட்டு நாளும் கல்லறைப் பக்கம் அவள் போகவில்லை.

பன்னிரண்டாம் தேதி மத்தியானம் ஓர் அதிகாரி வந்தார். உள்நாட்டு ஆள், துறைமுக வேலை தெரியாதவர். கையுறையைக் கழற்றாமலே உட்கார்ந்தார். பெரியவரே, ஸ்பெயின் தூதனை ராணியம்மா தொரத்தியாச்சு, இனிமே நமக்குத் தொறந்திருக்கிற கதவு பிரான்சு ஒண்ணுதான், அதுலயும் எவனோ நம்மாளு ஸ்பெயின்காரனுக்குச் சாவி குடுக்குறான் என்றார். பிறகு ஒரு கடிதத்தை விரித்தார். பாரிசிலிருந்து, அங்கேயே இருக்கும் ஸ்பெயின்காரன் ஒருவனுக்கு எழுதியது. மார்ச் ஒன்று. அடியில் உன் பெயர். கையெழுத்து உன்னுடையது போலத்தான் இருந்தது. நம் துறையில் மணல்திட்டு நகர்ந்துவிட்டது, கடல் ஏறும் நேரத்தில் கிழக்கு ஓரமாகப் பெரிய கப்பலே உள்ளே வரலாம் என்று அதில் ஒரு வரி. அது எனக்கும் இரண்டு படகோட்டிகளுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். ஜனவரியில் உனக்கு எழுதியிருந்தேன். வேறு செய்தி இல்லாததால் எழுதினேன்.

ஆனால் மார்ச் ஒன்று. அன்று ஞாயிறு. அன்று நீ பாரிசிலேயே இல்லையே. நம் கோயிலில் குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாய். எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. அவரைக் கூட்டிப்போய்ப் பதிவேட்டைக் காட்டினேன். பைபிள்மேல் கை வைத்துச் சத்தியம் செய்தேன். அப்போ இது எவனோ வேணாதவன் ஜோடிச்சது பெரியவரே, மகன் தப்பிச்சான் என்று முதுகில் தட்டினார். லண்டனுக்கு எழுதிவிட்டு இன்னும் சில வாரம் இங்கே விடுதியில்தான் இருப்பேன் என்று சொல்லிக் குதிரை ஏறினார்.

சனிக்கிழமை காலை மத்யூ தாளை நீட்டினான். மார்ச் இருபத்திநான்கு. பேனாவை எடுத்தேன். கை நின்றுவிட்டது. அவன் சிரித்தான். என்னய்யா, கணக்கு மறந்துபோச்சா, பத்தைக் கழிங்க, உங்க ஊருல இன்னைக்குப் பதினாலு என்றான்.

அங்கே மார்ச் ஒன்று என்றால் இங்கே பிப்ரவரி இருபது. அன்று நீ பாரிசிலிருந்து இன்னும் கிளம்பவேயில்லை.

நம் கணக்கில் எழுதப்பட்டிருந்தால் அது பொய்க் கடிதம். அவர்கள் கணக்கில் என்றால் அதை எழுதியது நீ. தினமும் கழிக்கிறவன் அன்றைக்கு மட்டும் எப்படி மறந்தேன் என்று கேட்டுப் பார்க்கிறேன். மறந்தேனா என்றும் கேட்கிறேன். மத்யூவின் ஆட்கள் இறங்கி நடக்கும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நாங்கள் இன்னும் போய்ச் சேராத ஒரு நாளிலிருந்து வருகிறார்கள். அங்கே எல்லாம் நடந்து முடிந்துவிட்டது போலவும், என்னிடம் சொல்லாமல் இருப்பது போலவும் தோன்றுகிறது.

லண்டனில் யாராவது விரல் விட்டு எண்ணுவார்கள். இன்றோ நாளையோ. எண்ணாவிட்டாலும், சத்தியம் செய்த கை என்னுடையது. நேற்று அதிகாரி தங்கியிருக்கும் விடுதி வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன். எங்கள் ஈஸ்டர் வரை பொறுப்பேன். மறுநாள் போய்ச் சொல்லிவிடுவேன். உன் அம்மாவுக்கு எதுவும் தெரியாது. பண்டிகைக்கு உன்னை வரச்சொல்லி எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன். வராதே.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. மத்யூ நம்பிக்கையான ஆள், இதை உன் கையிலேயே கொடுப்பான். அதற்குமேல் எங்கே போகவேண்டுமோ போ. எங்கே என்று எழுதாதே. எழுதினால் இந்தத் துறையில் அதைப் பிரித்துப் படிக்க வேண்டியவன் நான்தான்.

உன் அப்பா,
கில்பர்ட் ஹார்ன்டன்