திருட்டுப் பேரிக்குச்சி

க்ருஷிச்சா, செர்பியா
மார்ச் 3

அன்புள்ள சம்பந்தியம்மா ஸ்தமென்காவுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். உங்கள் பேரிமரத்தில் ஒட்டுக்கு ஒடித்த குச்சிகளும் கைப்பைக்குள் பத்திரமாக வந்தன. கேட்டு வாங்கினால் ஒட்டாது, திருடினால்தான் துளிர்க்கும் என்பது நம் வழக்கம்தான். அதற்காக நான் ஒடிக்கும்போது பார்க்காததுபோல் முதுகைக் காட்டிக்கொண்டு கோழிகளை அப்படியா வைவது! நினைத்து நினைத்து வழியெல்லாம் சிரித்தேன்.

எங்கள் இளமரங்கள் எல்லாவற்றிலும் ஒட்டுப் போட்டாயிற்று. நன்றி சொல்லமாட்டேன், சொன்னால் பட்டுப்போய்விடும். உங்கள் மகள் யாகொதாதான் கட்டுப் போட்டாள். "எங்கம்மா வீட்டு மரம் இங்கயும் வந்துடுச்சு அத்தை!" என்று ஒரே குதி. கல்யாணமாகி வந்த பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்து இப்போதுதான் பார்க்கிறேன்.

உங்கள்
வூகொசவா

ஏப்ரல் 9

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

ஈஸ்டர் முட்டைக்குச் சாயம் போட்ட கையோடு எழுதுகிறேன், கறை இருந்தால் மன்னியுங்கள். எல்லா மரத்திலுமா போட்டீர்கள்? ஒன்றிரண்டில் போட்டுப் பார்த்திருக்கலாமே. எங்கள் மரத்துக்கு வயதாகிவிட்டது, முன்போல இல்லை. வேண்டாமென்று தோன்றினால் ஒட்டை வெட்டிப் போட்டுவிடுங்கள். நான் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டேன். யாகொதாவை அதிகம் வேலை வாங்காதீர்கள்.

ஸ்தமென்கா

ஜூன் 20

சம்பந்தியம்மாவுக்கு,

தோட்டம் போய்விட்டது. ஒட்டுப் போட்ட மரங்கள் நெருப்பு பட்டதுபோல் கருகி, நுனி வளைந்து நிற்கின்றன. அங்கிருந்து ஆப்பிளுக்கும் தாவிவிட்டது. விவசாய அதிகாரி வந்து பார்த்தார். "பேரி, ஆப்பிள், வேலியில இருக்கிற முள்ளு, எல்லாம் ரோஜாக் குடும்பம்மா. ஒண்ணுக்கு வந்தா சொந்தத்துக்கெல்லாம் வரும். வெட்டி எரிச்சிடுங்க" என்றார். குச்சி எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்குத் தெரியாது என்றேன். சம்பந்தி வீட்டை எப்படிக் காட்டிக்கொடுப்பது?

பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலே எட்டி, "புது மருமக கால் வச்ச ராசி!" என்றாள். கோபத்தில் நானும் அதையே யாகொதாவிடம் சொல்லிவிட்டேன். என் மகன் கோடரியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டான். அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை.

வூகொசவா

ஜூன் 27

சம்பந்தியம்மா,

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். என் மகளுடைய கால் அல்ல, என் மரம்தான். போன கோடையிலேயே நுனி கருகியது. கல்யாண விருந்தில் அதன் பழத்தில் வடித்த சாராயத்தை ஊரே புகழ்ந்தபோது, இப்படி ஒரு மரம் இந்த ஜில்லாவிலேயே கிடையாது என்று பீற்றிக்கொண்டேன். பிறகு எந்த வாயால் சீக்கு என்று சொல்வது? நீங்கள் குச்சி ஒடித்தபோது நான் நடிக்கவில்லை. உங்கள் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் திரும்பி நின்றேன்.

மரத்தை நேற்று வெட்டி எரித்துவிட்டேன். இந்தக் கடிதத்தை யாகொதாவுக்கும் அந்த வேலிக்காரிக்கும் படித்துக் காட்டுங்கள். என்னைக் காறித் துப்பட்டும், அவளை விட்டுவிடட்டும்.

ஸ்தமென்கா

ஜூலை 5

ஸ்தமென்கா,

வேலியோரம் நின்று உரக்கப் படிக்கத்தான் போனேன். பாதியில் கடிதத்தை மடித்துவிட்டேன். அன்று குச்சியில் உதிராமல் கருகித் தொங்கிய இலைகளை நானும் பார்த்தேன். பனி என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். சம்பந்தி வீட்டு மரத்தைக் குறை சொல்லக் கூச்சம், அதைவிட ஆசை. இலைகளைக் கிள்ளி எறிந்துவிட்டுத்தான் பைக்குள் வைத்தேன். இவ்வளவும் தெரிந்த வாயால்தான் அந்தப் பெண்ணை வைதிருக்கிறேன்.

இரண்டு பேர் கதையையும் அவளிடம் சொன்னேன். அழவில்லை. "நீங்க ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் மரியாதை பாத்தீங்க. ஏச்சு வாங்கினது நான்" என்றாள். இப்போது பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருக்கிறாள். எங்கே என்று கேட்க எனக்கு வாயில்லை.

சனிக்கிழமை மதியப் பஸ்ஸில் கிளம்புகிறாளாம், அது உங்கள் ஊர் வழியாகத்தான் போகும். நிறுத்தத்தில் போய் நில்லுங்கள். அவள் இறங்கினாலும் சரி, இறங்காமல் போனாலும் சரி, இந்தத் தடவை முதுகைக் காட்டாதீர்கள்.

வூகொசவா