மூடியில்லாத சுவிட்ச் போர்டு

பாப்பாவின் அப்பாவுக்கு,

வணக்கம். அத்தை சௌக்கியம், பாப்பா சௌக்கியம். என் சௌக்கியத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம் முழுவதும். போனில் பேசாமல் இதென்ன பழைய காலத்துப் பழக்கம் என்று சிரிப்பீர்கள். போனில் அனுப்புகிற எதுவும் உங்களோடு நிற்பதில்லை என்று தெரிந்துவிட்டது, அதனால் தபாலில் எழுதுகிறேன். இதை உங்கள் அறையில் எல்லோருக்கும் தாராளமாகப் படிக்கக் கொடுங்கள். இதற்கு என் சம்மதம் உண்டு.

கடை ஓடுகிறது. பள்ளி திறந்த சமயம் என்பதால் ஜெராக்ஸ் மெஷினுக்கு ஓய்வே இல்லை. அத்தைக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. பாப்பாவுக்கு முன்பல் ஒன்று விழுந்துவிட்டது, சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொள்கிறாள்.

உங்கள் அறைத்தோழர், அந்த எலக்ட்ரீஷியன், லீவில் ஊருக்கு வந்து நீங்கள் கொடுத்தனுப்பிய பார்சலைக் கொண்டுவந்த அன்று நடந்ததை முழுதாகச் சொல்வதற்குள் நீங்கள் போனை வைத்துவிட்டீர்கள். இப்போது படியுங்கள். கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தார், தண்ணீர் குடித்தார். உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்:

"அக்கா, கட்டிலுக்கு மேல இருக்கிற சுவிட்ச் போர்டுக்கு மூடி இல்ல. வயரெல்லாம் வெளிய தெரியுது. குழந்தை இருக்கிற வீடு, ஒண்ணு வாங்கி மாட்டிடுங்க."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. முகம் வெளுத்துவிட்டது. ஒவ்வொரு விடுமுறைக்கும் மாட்டுகிறேன் மாட்டுகிறேன் என்று சொல்லி நீங்கள் மாட்டாமலே போன மூடி அது. அந்தப் போர்டு தெரிகிற மாதிரி நான் எடுத்த படம் ஒன்றே ஒன்றுதான். உங்கள் கண்ணுக்கு மட்டும் என்று நீங்கள் கெஞ்சி, கோபித்து, வாரக்கணக்கில் பேசாமலிருந்து என்னிடம் வாங்கிய படம்.

போனைக் காட்டச் சொன்னேன், காட்டினார். உங்கள் அறைக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் நான் இருந்தேன். கீழே, "நம்ம வீட்டு மகாராணி, எப்படி?" என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். என்னை அக்கா என்று கூப்பிட்டவரின் கட்டைவிரலும் அதில் இருந்தது. அவர் பார்த்தது வயரை மட்டும்தான் என்று நான் நம்ப வேண்டுமா? அந்தப் பக்கத்தை என் போனில் படம் பிடித்து வைத்துக்கொண்டேன்.

கேட்டதற்கு நீங்கள் சிரித்தீர்கள். என் பொண்டாட்டி, நான் காட்டினேன், விளையாட்டுக்குத்தானே என்றீர்கள். பூனைக்கு விளையாட்டு, எலிக்கு உயிர் போகிறது. அழித்துவிட்டேன் என்றும் சொன்னீர்கள். ஜெராக்ஸ் கடைக்காரியிடம் சொல்கிற பேச்சா அது? அசலைக் கிழித்தால் பிரதி கிழியாது.

அத்தையிடம் சொன்னேன். வீட்டு விஷயத்தை வெளியே கொண்டுபோகாதே என்றார். கொண்டுபோனது யார் அத்தை என்று கேட்டேன். துணி மடிக்கப் போய்விட்டார். மறுநாள் காலை, பாப்பாவைப் பள்ளியில் நான் விட்டுவிடுகிறேன், நீ போகிற இடத்துக்குப் போ என்றார். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

போலீஸ் ஸ்டேஷனில் இருந்தது ஒரு பெண் அதிகாரி. படத்தை எடுத்ததும் நான், அனுப்பியதும் நான், அனுப்பியது புருஷனுக்கு, இதற்கெல்லாம் சட்டம் வருமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"உங்களைக் கேட்காம மத்தவங்களுக்குக் காட்டினாரா இல்லையா? அவ்வளவுதான் சட்டம் கேக்கும். புருஷன்னு அதுல தனிச் சலுகை கிடையாது."

அங்கேயே அழுதுவிட்டேன். எனக்காகவும் இப்படி ஒரு வரி எங்கேயோ எழுதி வைத்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. அழுகை நிற்பதற்குள் அடுத்ததைச் சொன்னார். சாட்சிக்கு அந்தப் பக்கத்தின் பிரதி இரண்டு வேண்டும், படத்தோடு. வெளியே எந்தக் கடையிலும் கொடுத்து எடுக்காதீர்கள் என்று அக்கறையாகவும் சொன்னார்.

மதியம் நம் கடை ஷட்டரை இறக்கிவிட்டு, போனிலிருந்து நானே எடுத்தேன். ஊராரின் காகிதங்களைப் படிக்காமல் கவிழ்த்துக் கொடுப்பது என் பழக்கம். என்னையும் அப்படியே கவிழ்த்து வைத்தேன். தாள் சூடாக இருந்தது. வெளியே யாரோ ஷட்டரைத் தட்டி, ஒரே ஒரு பக்கம்தான் என்று கேட்டார்கள். மெஷின் ரிப்பேர் என்று சொல்லி அனுப்பினேன். நீங்கள் காட்டியதைக்கூட ஒருநாள் மன்னிப்பேனோ என்னவோ, அந்த மதியத்தை மன்னிக்க மாட்டேன்.

எலக்ட்ரீஷியன் தலையைக் குனிந்துகொண்டு வாக்குமூலம் கொடுத்துவிட்டார். புகாரில் நானும் கையெழுத்துப் போட்டுவிட்டேன், பிரதி இத்துடன் இருக்கிறது. அடுத்த மாதம் நீங்கள் விமானத்தை விட்டு இறங்கும்போது உங்களைக் கூட்டிப்போக வருகிறவர்கள் நாங்களாக இருக்க மாட்டோம். முதுகுக்குப் பின்னால் செய்தாள் என்ற பேச்சு எனக்கு வேண்டாம். வராமல் இருந்துவிடாதீர்கள். வந்து, செய்தேன் என்று சொல்லுங்கள். நான் கேட்பது அவ்வளவுதான்.

அந்தப் போர்டுக்கு மூடி வாங்கி நானே மாட்டிவிட்டேன். சின்ன வேலைதான்.

பல் விழுந்த முகத்தைப் போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பச் சொன்னாள் பாப்பா. போட்டோ வேண்டாம் என்றேன். உட்கார்ந்து பென்சிலால் தன்னைத்தானே வரைந்தாள், பல்லிருந்த இடத்தில் ஓட்டையோடு. இதை அப்பா தன் சிநேகிதர்களுக்குக் காட்டலாமா என்று அவளைக் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, வேண்டாம், அப்பா மட்டும் பார்க்கட்டும் என்றாள்.

அதையும் மடித்து உள்ளே வைத்திருக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அவள் சொன்னபடியாவது நடந்துகொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா