ரிமினிக் கோயிலுக்கு நான் செய்த குவிமாடம்

ஜூன் 9, செவ்வாய்
காலையிலேயே புழுக்கம். ஐசிங் காயவில்லை. சனிக்கிழமை அக்காவின் மகள் ஜெனிக்குக் கலியாணம், கேக் என் பொறுப்பு. இத்தாலியில், ரிமினியில் உள்ள ஒரு பழைய கத்தோலிக்கக் கோயில் மாதிரி வேண்டுமாம். ஜெனி படத்தைக் காட்டினாள். முகப்பின் மேல்பகுதி பாதியில் நிற்கிறது.
"பிள்ளை, படம் வெட்டுப்பட்டிட்டுதோ?"
"இல்லைச் சித்தி, அவ்வளவுதான். தட்ஸ் ஹவ் இட் இஸ்."
வாங்க: ஐசிங் சுகர், தலையிடிக் குளிசை.

ஜூன் 10, புதன்
நித்திரை இல்லை. அந்தக் கோயிலைப் பற்றிப் போனில் வாசித்தேன். ஊர்ப் பிரபு தன் பெருமைக்குக் கட்டத் தொடங்கியது. கட்டடத் திட்டம் போட்டவர் ரோமில் இருந்துகொண்டு கடிதத்தில் வேலை சொல்லியிருக்கிறார். பிரபு பாப்பரசரோடு கொழுவி, சபையால் விலக்கப்பட்டு, சண்டையில் தோற்று, நிலமும் காசும் போய்ச் செத்தான். திட்டத்தில் இருந்த பெரிய குவிமாடம் ஒரு பழைய பதக்கத்தில் பொறித்த படமாக மட்டும் இருக்கிறது, கட்டவேயில்லை.

சாபம் பட்ட கோயில்! ஜெனிக்கு இது இரண்டாம் கலியாணம். முதலாவது ஒரு வருடம்கூட நிற்கவில்லை. மாப்பிள்ளையின் தாய் ஒஷாவாவில் இருந்து போன் எடுத்து அக்காவிடம் கேட்டாவாம்: "இனிப் பிரச்சினை ஒண்டும் இல்லைத்தானே?" அந்த மனுசி இந்தக் கேக்கைப் பார்த்தால்? கடவுளே.

ஜூன் 12, வெள்ளி
மழை. ஒருவருக்கும் சொல்லாமல் ஐசிங்கில் குவிமாடம் செய்துவிட்டேன், பதக்கத்தில் உள்ளபடி. முதலாவது வெடித்தது. இரண்டாவது நின்றது, நல்ல வடிவு.

ஜூன் 13, சனி
ஸ்காபரோ கலியாண ஹோல். கேக்கின் மேல் குவிமாடத்தை வைத்தேன். அக்கா: "அப்பாடா, இப்பதான் கோயில்." பிறகு ஜெனி வந்து பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன், கத்தவில்லை.
"சித்தி, அந்தக் கோயிலிலை இண்டைக்கும் பூசை நடக்குது. ஆரும் அதை அரைகுறை எண்டு பூட்டி வைக்கேல்லை."
"பயத்திலை செய்தன் பிள்ளை."
"என்னைப் பார்த்தோ பயம்?"
ஓம், அவளைப் பார்த்துத்தான். குவிமாடத்தைக் கேக்கில் இருந்து இரண்டு கையாலும் தூக்கினேன். வைக்க இடமில்லை. மடியில் வைத்துக்கொண்டு ஒரு கதிரையில் இருந்தேன், வெட்கம் பிடுங்கித் தின்றது. மாப்பிள்ளையின் தாய் பக்கத்தில் வந்து இருந்தா.
"உது என்ன?"
"கேக்குக்கு மேலை வைக்க எண்டு செய்தது. ஜெனிக்கு வேண்டாமாம்."
கேக்கைக் கனநேரம் பார்த்தா.
"அப்ப சாப்பிடலாமோ?"
உடைத்துக் கொடுத்தேன்.