உப்பு என்று எழுதிய டப்பா

கணபதி, கோவை
4.2.2024

அன்புள்ள ராமாமணி அக்காவுக்கு, ஜன்னத் ஆசையோடு எழுதுவது.

இங்கே நானும் மகள் ஹிபாவும் சுகமுங்க. வால்பாறைக் குளிரில் உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்குதுங்க? மகள் நவ்யா வீட்டுக்குப் போனதும் இந்தத் தங்கச்சியை மறந்துபோட்டீங்க. போனும் அங்கே எடுப்பதில்லை, அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

சந்தோஷமான சேதி. ஹிபாவுக்கு முலாம் பூசும் கம்பெனி ஒன்றில் பாதுகாப்பு அதிகாரி வேலை! சயனைடு அறைச் சாவி அவளிடம்தான். அமிலத்தில் பட்டால் உயிரையே எடுக்கும் விஷப்புகை வருமாம், அமிலம் இருக்கிற பக்கமே அதைக் கொண்டுபோக விடமாட்டாளாம். கேட்டதும் நம்ம பழைய முலாம் பட்டறை ஞாபகம் வந்துவிட்டது. நாலு மணி டீக்கு முன்னால் முழங்கைவரை சோப்புப் போடச் சொல்லி, நகத்தையும் காட்டச் சொல்வீங்களே! அந்த டீயின் ருசி இப்போது எங்கேயும் இல்லைங்க.

"உங்க அத்தா மாதிரி லேபிளைப் படிக்காமல் டப்பாவைத் திறந்துபோடாதே கண்ணு" என்று மட்டும் அவளிடம் சொன்னேன்.

உங்கள் தங்கை,
ஜன்னத்

வால்பாறை
15.2.2024

ஜன்னத் அம்மணிக்கு,

ஹிபாவை நினைத்தால் பூரிப்பாக இருக்கிறது. ஆனால் உன் கடைசி வரியைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நீ வேலைக்கு வருவதற்கு முன்னால், பட்டறையில் சயனைடு என்று சொல்லவே பயந்து எல்லோரும் அதை 'உப்பு' என்போம். பழைய டப்பா துருப்பிடித்ததால் வேறொன்றுக்கு மாற்றினேன். புது லேபிள் கைவசம் இல்லை. சாக்பீஸால் 'உப்பு' என்று எழுதி வைத்தேன். அன்றைக்கு ஸ்டோர் ரூமைப் பூட்டவும் இல்லை. உன் வீட்டுக்காரர் ரசாக் வேலைக்குச் சேர்ந்து நாலே நாள். எங்கள் பேச்சு அவருக்குத் தெரியாது. அமிலத் தொட்டிக்கு நிஜமான உப்பைத் தேடி வந்தார்.

அவர் படித்துப் பார்த்துத்தான் எடுத்தார் அம்மணி.

அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனதும் அந்த எழுத்தைத் துடைத்து, பழைய டப்பாவின் சிவப்பு லேபிளை உரித்து ஒட்டினேன். படிக்காமல் எடுத்தார் என்று எல்லோரும் சொன்னபோது வாயைத் திறக்கவில்லை. உனக்கு வேலை கொடுக்கச் சொல்லி முதலாளியிடம் மன்றாடியது அந்தக் குற்ற உணர்வில்தான். பிறகு உன்மேல் வைத்த பாசம் நிஜம்.

ஹிபாவிடம் சொல்லிவிடு.

ராமாமணி

கணபதி
1.3.2024

அக்கா,

கடிதத்தை ஹிபாதான் வாசித்துக் காட்டினாள். "அப்போ அத்தா படிச்சிருக்காருங்கம்மா" என்றாள்.

அவர் போன அன்று அழுதேன். அதற்குப் பிறகு எனக்கு அவர்மேல் கோபம்தான். ஒரு வார்த்தை படிக்கப் பொறுமையில்லாமல் ஆறு வயதுப் பிள்ளையை விட்டுப் போனீங்களே என்று, பதினெட்டு வருஷம் தொழுது கேட்கும் ஒவ்வொரு துஆவிலும் அவரோடு சண்டை போட்டேன்.

உங்களை நினைத்தால் ஆத்திரம் வருகிறது. உங்கள் முகமும் வருகிறது. மன்னிப்பேனா என்று தெரியவில்லைங்க. முதலில் நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டு முடிக்க வேண்டும். அதுவரை எனக்கு எழுதாதீங்க.

ஜன்னத்