எஞ்சின் அணைத்த ஜீப்பும் ஆற்றங்கரைப் பாதையும்

அக்கா,

இன்று காலை மருந்துக் கடைக்கு நடந்துகொண்டிருந்தேன். பின்னாலிருந்து வந்த மின்சார ஸ்கூட்டர் ஒன்று என் சட்டைக் கையை உரசிக்கொண்டு போனது. சத்தமே இல்லை, காற்று மட்டும் பட்டது. ஓட்டியவன் திரும்பிப் பார்த்துக் கையைத் தூக்கிவிட்டுப் போய்விட்டான். நான் கடைவாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். வீட்டுக்கு வந்தும் உன் நினைப்பாகவே இருந்தது. அதனால் எழுதுகிறேன். நீ இறந்துபோன பிறகு உனக்கு எழுதுவது இதுதான் முதல் முறை.

எண்பதுகளின் தொடக்கம். குரங்கணி மலைக்குப் போகும் வழியில், முந்தல் கிராமத்துக்குச் சற்று முன்னால் இருந்த பள்ளியில் உனக்கு வாத்தியார் வேலை கிடைத்திருந்தது. போடியிலிருந்து போகும் பஸ் எதுவும் பள்ளி நேரத்துக்கு ஒத்துவரவில்லை. சைக்கிளில்தான் போவேன் என்றாய். அய்யா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். தார் ரோட்டில், நாலு பேர் கண் முன்னால் போய் வர வேண்டும். ஆற்றங்கரையை ஒட்டி மாந்தோப்புகளுக்குள் போகும் பாதையில் உன்னைப் பார்த்ததாக யாராவது சொன்னால், அன்றோடு வேலை கிடையாது.

நீ என்னிடம் சொன்னது நினைவிருக்கிறது. "ரோட்ல போனா ஜீப்பு இடிக்கும், பாதையில போனா ஊரு வாயி இடிக்கும். அய்யாவுக்கு ரெண்டாவதுலதான் பயம்."

நான் அப்போதுதான் பத்திரிகையில் சேர்ந்திருந்தேன். நீ விடாமல் கேட்டதால், இரண்டு வழியிலும் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லும்படி அய்யா என்னை உன்னோடு அனுப்பினார். காலையில் ரோடு நல்ல ரோடுதான். மேடு ஏறும் ஜீப்பு முனகிக்கொண்டே வரும், ஒதுங்கிக்கொள்ளலாம். சாயங்காலம்தான் சிக்கல். ஏலக்காய் மூட்டையும் ஆளுமாகக் கேரள மலையிலிருந்து இறங்கும் ஜீப்புகள், பெட்ரோலை மிச்சம் பிடிக்க எஞ்சினை அணைத்துவிட்டு இறக்கத்தில் உருண்டு வரும். பின்னால் வருவது பக்கத்தில் வந்த பிறகுதான் தெரியும். காலையில் ரோடு, மாலையில் பாதை என்று அய்யாவிடம் சொன்னேன்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. "ஜீப்பு வந்தா சத்தம் கேக்காதா? பொழுது சாயுற நேரத்துல தோப்புக்குள்ள என்ன சோலி?" என்றார். எங்கள் ஊரில் எல்லோருக்கும் அதே நம்பிக்கைதான். காது கேட்கிற வரை ஜீப்புக்குப் பயப்பட வேண்டாம் என்று இருந்தார்கள்.

பிறகு ஒருநாள் முழங்கை கிழிந்து வந்தாய். மணலில் சறுக்கிவிட்டது என்று வீட்டில் சொன்னாய். ஜீப்பு தட்டியதை எனக்கு மட்டும் சொன்னாய், அதுவும் வேலையை நிறுத்திவிடுவார்கள் என்ற பயத்தோடு. அந்த வாரம் முழுக்க என்னால் மாலையில் உட்கார்ந்து ஒரு செய்தியை முழுதாக எழுத முடியவில்லை. பாதி வரியில் எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன்.

நீதான் அதை முடித்தாய். பள்ளிக்கூடத்தைப் பார்க்க வரச் சொல்லி அய்யாவை மதிய பஸ்ஸில் வரவழைத்தாய்; என்னையும் சைக்கிளில் வரச் சொன்னாய். பள்ளி விட்டதும், "பஸ்சு எப்ப வரும்னு தெரியாது. கேரியர்ல ஒக்காருங்க, வெரசா போயிரலாம்" என்றாய். அவர் என்னைப் பார்த்தார். என் சைக்கிளில் கேரியர் இல்லை. வேட்டியை ஒதுக்கிக்கொண்டு, மகள் ஓட்டும் வண்டியில் ஒருபக்கமாகக் கால் போட்டு உட்கார்ந்தார். ஆலோசனை சொல்லிக்கொண்டே வந்தார். பிரேக்கைப் பிடி, ஓரமாகப் போ, ரொம்ப ஓரமாகப் போகாதே.

இரண்டாவது வளைவில் ஜீப்பு வந்தது. நான் முன்னால் போய்க்கொண்டிருந்தேன், எனக்கும் கேட்கவில்லை. என்னைத் தாண்டும்போதுதான் பார்த்தேன். பின்னால் தொங்கிக்கொண்டிருந்தவன் மலையாளத்தில் ஏதோ கத்தினான். திரும்பியபோது நீ வண்டியை மண்ணில் இறக்கி நிறுத்தியிருந்தாய். அய்யா ஒற்றைக் காலில் நின்றார். அவருடைய ஒரு செருப்பு தாரில் கிடந்தது. அதன் மேல் சக்கரம் ஏறியிருந்தது.

நீ போய்ச் செருப்பை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தாய். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உன் முழங்கையையும் பார்த்தார்.

"அன்னைக்கும் மணல்ல சறுக்கல, இல்லையா?"

நீ ஆமென்று தலையை ஆட்டினாய்.

"பாத எந்தப் பக்கம் ஆத்தா?"

தோப்புக்குள் அவர் எதிர்பார்த்த தனிமை இல்லை. ஆற்றில் துணி அலசிக்கொண்டிருந்தார்கள். மாங்காய்க்குக் காவல் இருந்தவர் எழுந்து வந்து, "என்ன மாமா, மக வண்டியில சவாரியா?" என்று சிரித்தார். அய்யா விறைப்பாக, "ஆமா. நீயும் ஒன் மக வண்டியில ஒருநா ஏறிப் பாரு" என்றார். நடுவில் கருவேல முள் குத்திக் காற்று இறங்கியது. முள்ளைக் குறை சொன்னவரிடம், "பஞ்சர ஒட்டிக்கிரலாம் அய்யா, எலும்ப ஒட்ட முடியுமா?" என்று கேட்டபடி தள்ளிக்கொண்டு நடந்தாய். ஊர் தெரியத் தொடங்கியதும் அவர் எங்கள் இருவரையும் முன்னால் போகச் சொல்லிவிட்டு, வெறுங்காலோடு தனியாக நடந்து வந்தார்.

அதற்குப் பிறகு நீ எந்த வழியில் போகிறாய் என்று அவர் கேட்டதே இல்லை. ஆனால் பள்ளி விடும் நேரத்தில் அவருக்குத் தெருமுனையில் ஏதாவது ஒரு வேலை இருக்கும். உன் தலை தெரிந்ததும் அந்த வேலை முடிந்துவிடும்.

அதன்பின் எத்தனையோ விபத்துச் செய்திகள் எழுதிவிட்டேன் அக்கா. ஒவ்வொன்றிலும், வண்டி ஏறி வந்ததா இறங்கி வந்ததா, எஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததா என்று விசாரித்தேன். அந்த வரியைத் தேவையில்லை என்று செய்தி ஆசிரியர் மேசையில் வெட்டிவிடுவார்கள். நான் கேட்பதை நிறுத்தவில்லை.

போன மாதம் பேத்தி கல்லூரிக்குச் சைக்கிளில் போகத் தொடங்கினாள். பெரிய சாலையா, கால்வாய்க் கரையா என்று வீட்டில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். என்னிடம் கேட்டபோது, இரண்டிலும் போய்ப் பார்த்துவிட்டு நீயே முடிவு செய் என்று சொன்னேன். தைரியமாகத்தான் சொன்னேன். ஆனால் நான்கு மணிக்கு மேல் எனக்கு இருப்புக் கொள்வதில்லை. செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன், ஊற்றிய செடிக்கே மறுபடி ஊற்றுகிறேன். அவள் வருகிறாள். எந்த வழியில் வந்தாய் என்ற கேள்வி தொண்டை வரை வருகிறது. உன்னை நினைத்து அதை விழுங்கிவிட்டு, கேட்டைத் திறந்துவிடுகிறேன்.