நகல் ஆட்டக்காரி

அன்புள்ள ஜிங்யா அக்காவுக்கு,

தங்கை சியூயே எழுதுகிறேன். அம்மாவும் நானும் இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை.

அரங்கத்தில் முதலில் என் கண்ணில் பட்டது அந்தக் கொரியக்காரியின் மட்டை பிடிக்காத இடது கைதான். பந்து போடுவதற்கு முன் வலைக்குப் பக்கத்தில் மேசையின் ஓரத்தில் உள்ளங்கையைத் துடைத்தாள். சாப்பிட உட்காரும்போது நீயும் அப்படித்தான் துடைக்கிறாய். டேபிள் டென்னிஸ் தேசிய அணிக்குப் போன பிறகு உனக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. யாரிடமிருந்து ஒட்டியது என்பதை அன்றுதான் நேரில் பார்த்தேன்.

நீ அனுப்பிய டிக்கெட் மேல் வரிசைக்கு. அங்கிருந்து மேசை நன்றாகவே தெரிந்தது. பதினைந்து வயதில் மேசையை ஒட்டி நின்று அடித்து நொறுக்கிய உன்னைப் பின்னால் தள்ளி நிற்கவைத்து, மட்டையின் ரப்பரை மாற்றி, அந்தக் கொரியக்காரியைப் போலவே பந்தை வெட்டி வெட்டித் திருப்பப் பழக்கினார்கள். நம் அணியின் நட்சத்திரம் மெங் ஷூ தினமும் உன்னோடு ஆடி, அவளை வெல்லக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காக. உனக்கென்று ஒரு போட்டியும் கிடையாது. இதெல்லாம் தெரியும் என்றாலும், உன் குனிதலையும் உன் தோளையும் வேறொருத்தியின் உடம்பில் பார்ப்பது வேறு மாதிரி இருந்தது, அக்கா. அவளிடமிருந்துதான் உனக்கு வந்தது என்று தெரிந்தும், உன்னுடையதை அவள் எடுத்துக்கொண்டது போல இருந்தது.

அது செங்டுவில் நடந்த உலகப் போட்டியின் காலிறுதி. இந்த முறை பதக்கம் இல்லையென்றால் மட்டையை வைத்துவிடுவேன் என்று கொரியக்காரி சொன்னதை நானும் பேப்பரில் பார்த்தேன். புத்தாண்டுக்கு நீ போன் செய்தபோது சொன்னாயே: “அவ நிறுத்திட்டா அவளோட நகல் யாருக்குடி வேணும்? நான் வேலைய ஒழுங்காச் செஞ்சா என் வேலை போயிடும்.” சொல்லிவிட்டுச் சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அரங்கம் முழுக்க மெங் ஷூவுக்காக “ஜியாயோ, ஜியாயோ”, விடாதே விடாதே, என்று கத்தியது. முதல் இரண்டு செட்டும் அவளுக்குப் போயின. மூன்றாவதைக் கொரியக்காரி எடுத்ததும் என்னை அறியாமல் எழுந்து கை தட்டிவிட்டேன். நான் மட்டும்தான். பக்கத்தில் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்த செங்டுக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஏம்மா, நீ எந்த நாட்டுக்காரி? வழி தவறி வந்துட்டியா?”

“விடுங்க, பாவம். சின்னப் புள்ள, எந்தப் பக்கம் நம்மாளுன்னு தெரியல போல” என்றாள் அவர் மனைவி. முன்வரிசை திரும்பிப் பார்த்துச் சிரித்தது. உட்கார்ந்துவிட்டேன். அதற்குப் பிறகு மனதுக்குள் மட்டும்தான் தட்டினேன்.

அது போதவில்லை. பந்து எங்கே வரும் என்று மெங் ஷூவுக்கு முன்பே தெரிந்திருந்தது. கொரியக்காரி மட்டையைத் தாழ்த்துவதற்குள் இவள் அங்கே போய் நின்றாள். நீ உன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறாய், அக்கா.

மெங் ஷூ வென்று ஆட்டம் முடிந்ததும் கீழே ஓடி வந்தேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் பந்துக் கூடையோடு நீ நின்றாய். கொரியக்காரி துண்டால் முகத்தை மூடியபடி வந்தாள்; நீ ஒதுங்கி வழிவிட்டாய். அவள் உன்னைப் பார்க்கவேயில்லை. உன்னை யார் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

காவலாளியிடம் என் அக்கா உள்ளே இருக்கிறாள் என்றேன். முதுகில் என்ன பெயர் என்று கேட்டார். பெயர் இல்லை, வெறும் சட்டை என்றேன். “பேரில்லாத சட்டைக்கு இன்னைக்கு நீ நாலாவது தங்கச்சி. தள்ளி நில்லும்மா” என்றார். உன்னைக் கூப்பிட வாயைத் திறந்தேன். அதற்குள் நீ உள்ளே போய்விட்டாய்.

அம்மாவுக்குப் போன் செய்தேன். சர்க்கரையால் அவள் கண் இப்போது இன்னும் மங்கிவிட்டது. டிவியில் ஆட்கள் அசைவதுதான் தெரிகிறது, நிறம் தெரிவதில்லை. இரைச்சல் தாங்காமல் சத்தத்தையும் குறைத்து வைத்திருக்கிறாள். நான் வாயைத் திறப்பதற்குள் அழுதுகொண்டே பேசினாள்.

“பாத்தேன்டி. போன வருஷம் நம்ம தெரு சிமெண்டு மேசையில ஆடினாளே, அதே மாதிரி குனிஞ்சு குனிஞ்சு எடுத்தா. எம்புள்ள எவ்வளவு ஓடினா. தோத்தா என்ன? உலகப் போட்டியில ஆடிட்டா இல்ல?”

அது நீ இல்லை, கொரியக்காரி என்று நான் சொல்லவில்லை. நன்றாக ஆடினாள் அம்மா என்றேன்.

அன்று முதல் உன் போன் அணைந்திருக்கிறது. பெய்ஜிங்கில் உன் பயிற்சியாளருக்கு நானே பேசினேன். உன் அக்கா நல்ல உழைப்பாளி என்றார். அடுத்து இடது கையால் ஆடும் ஒரு ஜப்பான்காரிக்கு நகல் வேண்டுமாம், அதனால் இடது கைக்காரியாக ஒரு சின்னப் பெண்ணை எடுத்துவிட்டார்களாம். மாதக் கடைசியில் நீ விடுதியைக் காலி செய்ய வேண்டுமாம். எங்கே போவாள் என்று கேட்டேன். “எங்கிட்ட ஒண்ணும் சொல்லல” என்றார். நீ கிளம்புவதற்குள் கிடைக்கட்டும் என்று இதை அந்த விடுதி முகவரிக்கே அனுப்புகிறேன்.

உன் பழைய ஆட்டம் உனக்கே மறந்துபோனது என்று ஒருமுறை சொன்னாய். இரவில் அந்தப் பேச்சுதான் வந்து நிற்கிறது. தேய்ந்துபோன முழங்காலோடு, யாருமில்லாத ஊரில், நீ எந்தத் தெருவில் அலையப்போகிறாயோ என்று பயமாக இருக்கிறது. நான் வேலைக்குப் போகும் நூடுல்ஸ் கடையில் கிண்ணம் கழுவும்போது கைதான் வேலை செய்கிறது, நான் அங்கே இல்லை.

அம்மா ஒரே சொல்தான் சொல்கிறாள்: “தோத்தவ வீட்டுக்குத்தானே வரணும், வரச் சொல்லு.” நீ ஒன்றும் விளக்க வேண்டாம், அக்கா. ஆடித் தோற்றவளாகவே வா. எங்கிருந்தாலும் வேளைக்குச் சாப்பிடு. உயிரோடு வா.

இன்று காலை உன் கட்டில்மேல் அடுக்கியிருந்த மிளகாய் மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கிக் கீழே வைத்தேன்.

உன்
சியூயே